ஆறங்குலக் கத்தி

ஏழு மாதமாக அந்த வீட்டில் கத்தி கிடையாது. டெல்லி துவாரகாவில் சொஸைட்டி ஃப்ளாட், மூன்றாவது மாடி, பாத்திரம் பண்டத்துக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் கத்தி, அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, கத்தரிக்கோல், ஏன், நகவெட்டிகூட வெளியே கிடையாது. எல்லாவற்றையும் ஒரு பழைய நூல்சேலையில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டிருந்தாள் முத்துமாரி.

கத்தியில்லாமல் எப்படிச் சமைப்பாள் என்று கேட்டால், சமைத்தாள், அவ்வளவுதான். பீன்ஸைக் கையால் ஒடித்தாள். கோஸை இலை இலையாகக் கிழித்தாள். தக்காளியைப் பிசைந்து போட்டாள். பூசணி, சேனை என்று கைக்கு அடங்காதவற்றைக் கூடையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வத்சலாவிடம் போவாள். "மணிக்கட்டு வலி விட மாட்டேங்கு மாமி, கொஞ்சம் நறுக்கித் தாங்க" என்பாள். "அதுக்கென்ன, வச்சுட்டுப் போ" என்று வத்சலாவும் நறுக்கித் தருவாள். எந்த மணிக்கட்டு, எந்த டாக்டர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஏழு மாதமாக ஒருத்திக்கு மணிக்கட்டு வலி என்றால் நம்புவதற்கு அவள் என்ன பச்சைக் குழந்தையா. தெரிந்துதான் கேட்கவில்லை, அந்தப் புண்ணியவதி.

காரணம் மகன். அனிருத்துக்கு இருபத்தேழு வயது. குருகிராமில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கை நிறையச் சம்பளம். போன ஏப்ரலில் அவன் தன் உயிரை விட்டுவிடப் பார்த்தான். சமயத்தில் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தான். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் மாத்திரைகள், வாரம் ஒருமுறை மனநல டாக்டரம்மாவிடம் பேச்சு, ஆபீஸுக்கு நீண்ட லீவு. ஏன் செய்தான் என்பதற்கு அவனிடமே சரியான பதில் கிடையாது. எதுவுமே பிடிக்காமல் போய்விட்டது என்று மட்டும் சொன்னான். வீட்டில் அதை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. 'ஏப்ரல்' என்றால் போதும், மூன்று பேருக்கும் புரியும்.

அப்பா பாலசுப்ரமணியம் மத்திய சர்க்காரில் செக்ஷன் ஆபீசர். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம். சொந்த ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம். காலேஜ் லீவு நாட்களில் மாமாவின் கருவாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து மீன் கீறியவர். டெல்லிக்கு வந்து முப்பத்து நாலு வருடமாகியும் மீன் என்றால் அவர் மூக்கு தானாக நிமிரும். பையனோ டெல்லியிலே பிறந்தவன். மீன் தின்பான், அதன் பெயர் கேட்டால் முழிப்பான்.

அந்தப் பையன் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, எனக்கு ஒரு ஃபில்லட் நைஃப் வேணும்" என்றான்.

முத்துமாரி ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. பாலசுப்ரமணியம் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

"என்னது வேணும்?" என்றார்.

"மீன் கட் பண்ற நைஃப்ப்பா. பத்லா சா, மெலிசா இருக்கும், வளையும். ஒரு ஜப்பான் ஆள் வீடியோ போடுறாரு, ஒரே கோடுதான் போடுவாரு, முள்ளு தனியா, சதை தனியா வந்துரும். நான் ஒரு மாசமாப் பாக்கறேன். நானே பண்ணிப் பாக்கணும்."

ஏப்ரலுக்குப் பிறகு அவன் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட முதல் சாமான் அது. சட்டை கேட்கவில்லை, சினிமா கேட்கவில்லை, பிறந்தநாளுக்கு என்னய்யா வேணும் என்று அம்மா கெஞ்சியபோதுகூட ஒண்ணும் வேணாம் என்றவன். கேட்டதும் கேட்டான், இதையா கேட்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் கீழே பார்க்குக்கு இறங்கினார்கள். வீட்டுக்குள் பேச முடியாததையெல்லாம் அவர்கள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் பேசுவது. நவம்பர் மாதப் புகை இறங்கி எதிர் பிளாக் தெரியவில்லை. கண் எரிந்தது. முத்துமாரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நான் குடுக்க மாட்டேன். அவன் கத்தி கேக்கான், நீங்க வாங்கிக் குடுக்கேன்னு நிக்கிய."

"மீன் வெட்டத்தானட்டி கேக்கான்."

"எதுக்குக் கேக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? அவன் மனசுக்குள்ள போயிப் பாத்தியளா?"

"டாக்டரம்மாட்ட கேட்டேன். மத்தியானமே போன் போட்டேன்."

"என்ன சொன்னா அவ?"

"ஆசைன்னு ஒண்ணு வந்திருக்கே, அது நல்ல குறின்னு சொல்லுதாவ. வாங்கிக் குடுங்க, வெட்டும்போது ஒருத்தர் பக்கத்துல நில்லுங்க, முடிஞ்சதும் வாங்கிப் பூட்டி வைங்க. சந்தேகப்படுதோம்னு அவனுக்குத் தோணக் கூடாதாம்."

முத்துமாரி இருமினாள்.

"அவளுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவா. பெத்தவ நாம்லா பாத்துக்கிட்டு இருக்கணும்."

"எத்தன நாளைக்கு மாரி இப்படி? கோஸைக் கிழிச்சுக்கிட்டே இருந்துருவியா நீ?"

"கிழிப்பேன். அவன் இருந்தாப் போதும், ஆயுசு முழுக்கக் கிழிப்பேன்."

எழுந்து போகும்போது அவளே சொன்னாள். "வாங்கிட்டு வாங்க. ஆனா அந்தச் சவம் உங்க பையிலதான் இருக்கணும். வெட்டுத நேரம் மட்டும் குடுங்க."

சனிக்கிழமை அப்பாவும் மகனும் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறி, ஐ.என்.ஏ.யில் இறங்கினார்கள். மார்க்கெட்டுக்குள் ஈரத்தரை, ஐஸ் உருகின தண்ணீர், கோழி இறகு, மீன் கவிச்சி. அனிருத் முகமூடியை இறக்கிவிட்டு மூச்சை இழுத்தான்.

"ஊர் மாதிரி இருக்காப்பா?"

"ஊர்ல இந்த நாத்தம் கிடையாதுல. இது மூணு நாள் லாரில வந்த மீனு."

பாத்திரக் கடை ஒன்றில் சுவர் முழுக்கக் கத்தி தொங்கவிட்டிருந்தது. கடைக்காரர் வயசான பஞ்சாபி. மீனுக்கு என்றதும் ஒரு பெரிய வெட்டுக்கத்தியை எடுத்துப் பலகையில் போட்டார்.

"இது துண்டு போடுறதுக்கு பாய்சாப்," என்றான் அனிருத் ஹிந்தியில். "எனக்கு முள்ளெடுக்கிற கத்தி வேணும். மெலிசா."

இன்னொன்று வந்தது. அனிருத் அதைக் கையில் வாங்கி நுனியைப் பலகையில் வைத்து அமுக்கிப் பார்த்தான். அசையவில்லை. "இது எலும்பெடுக்கிறது, மட்டனுக்கு. இது வளையாது. வளையலேன்னா சதை முள்ளோட போயிரும்."

கடைக்காரர் அவனை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். "பேட்டா, ஹோட்டலில் செஃபா?" என்றார்.

"நஹி, நஹி" என்று சிரித்தான் அனிருத். பாலசுப்ரமணியம் தலையைத் திருப்பிக்கொண்டார். பையன் சிரித்துவிட்டான், அதை நேராகப் பார்த்தால் கண்ணீர் வந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

உள்ளேயிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. அதில் நாலைந்து. ஒவ்வொன்றாக எடுத்து அனிருத் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். ஏழு மாதத்தில் பேசாததையெல்லாம் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு பேசினான்.

"இது எட்டு இஞ்ச். நமக்கு எதுக்கு எட்டு? ஒரு கிலோ ஒன்றரைக் கிலோ மீனுக்கு ஆறு போதும்ப்பா. நீளமா இருந்தா நுனி எங்க போகுதுன்னே தெரியாது. இது மரப்பிடி, பாக்க அழகு, ஆனா ஈரமானா மீன் வழவழப்புல கை சறுக்கிரும். இது பாருங்க, பிடி ரப்பர், சொரசொரன்னு இருக்கு. அப்புறம் இங்க, பிடி முடியுற இடத்துல ஒரு மேடு இருக்குல்ல? கை முன்னாடி ஓடாம இது பிடிச்சுக்கும்."

"நாங்க கொட்டகைல பிடிக்குக் கித்தான் சணல் சுத்துவோம்ல," என்றார் அவர். "உப்புல சணல் இறுகிரும். கையோட ஒட்டிக்கிட்டு வரும்."

"நீங்க இது சொன்னதே இல்லியே."

"நீ கேட்டதில்லியே."

கடைக்காரர் அந்த ஆறங்குலக் கத்தியை வாங்கி ஹிந்திப் பேப்பர் ஒன்றைத் தொங்கவிட்டு மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார். சத்தமே வரவில்லை. பேப்பர் இரண்டாகக் கீழே விழுந்தது. "முடியைக்கூடப் பிளக்கும் அங்கிள்ஜி" என்று பெருமையாகச் சொல்லித் தன் முழங்கைக்குக் கீழே வைத்து ரெண்டு ரோமத்தைச் சிரைத்துக் காட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும். பாலசுப்ரமணியத்துக்கு அந்தக் குளிரிலும் முதுகில் வேர்த்துவிட்டது.

"இதைவிடக் கூர் குறைஞ்சது இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

கடைக்காரர் திகைத்தார். "கூர் குறைஞ்ச கத்தியா?"

அனிருத் அப்பாவைப் பார்த்தான். "இதையே குடுங்க பாய்சாப்" என்றான்.

மீன் கடையில் ஒன்றரைக் கிலோவில் ஒரு கொடுவா எடுத்தார்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்தது. கழுவி வெட்டவா என்று கேட்டவனிடம் அனிருத், "வேண்டாம், முழுசாத் தாங்க, நான் பண்ணிக்குவேன்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்த மிடுக்கைப் பாலசுப்ரமணியம் வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தார்.

ராத்திரி மீன் ஃப்ரிட்ஜில், கத்தி அவருடைய ஆபீஸ் பைக்குள், பை அவருடைய தலையணைக்கு அடியில். தூங்கினாரா என்றால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு முத்துமாரி பால் வாங்கக் கீழே போனதும் பையை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். வெளியே ஒரே புகை. சூரியன் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. கத்தியை வெளியே எடுத்துப் பழைய பேப்பரில் வைத்தார். அமுக்கக்கூட இல்லை, வைத்தார், அவ்வளவுதான். பேப்பர் விலகிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் மனுஷன் தப்புப் பண்ணினார். தெரியாதவன் செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். மழுங்கின கத்தி மீனில் இறங்காது, அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் மீனைப் பிடித்திருக்கிற கையில் போய்த்தான் நிற்கும். கருவாட்டுக் கொட்டகையில் கத்தியைத் தீட்டாமல் வந்தவனை மாமா வேலைக்கே உட்காரவிட மாட்டார். பதினேழு வயதில் படித்த பாடம். அதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பால்கனிச் சுவரின் சிமெண்டு விளிம்பில் கத்தியின் கூரை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கர்ரென்றது. இன்னொன்று. எட்டுப் பத்து இழுப்பு இழுத்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பேனா மூடியைத் தடவுவதுபோல் இருந்தது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. பயந்துபோனவனுக்கு அவ்வளவுதான் புத்தி. அந்தக் கத்தி என்ன செய்யாது என்பதை மட்டும் யோசித்தார், என்ன செய்யும் என்பதை யோசிக்கவில்லை.

பதினொரு மணிக்கு அனிருத் குளித்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். மேடையில் பேப்பர் விரித்து, அதன்மேல் பலகை, பலகை நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. எல்லாம் அந்த ஜப்பான்காரன் உபயம். முத்துமாரி புளி கரைத்து வைத்துவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர காது அடுப்படியில்தான் இருந்தது.

கரண்டிக் காம்பால் செதிலை உரசினான். கொடுவாச் செதில் ஒவ்வொன்றும் எட்டணா அகலம், சுவரெல்லாம் தெறித்தது. "அம்மா, கோவிச்சுக்காதீங்க, நானே தொடச்சிருவேன்" என்று அங்கிருந்தே கத்தினான். பிறகு அப்பா எடுத்து நீட்டிய கத்தியை வாங்கினான்.

செவுளுக்குப் பின்னால் வைத்துச் சாய்வாக இழுத்தான். தோல் மடங்கியது, அறுபடவில்லை.

"என்னப்பா, இறங்க மாட்டேங்குது."

"கொடுவாத் தோலு தடிச்சதுல."

"கடைல பேப்பர் அப்படிப் போச்சு."

"பேப்பரும் மீனும் ஒண்ணா? அமுக்கிப் பிடிச்சு இழு."

அமுக்கிப் பிடித்து இழு என்று அவர்தான் சொன்னார், அவர் வாயால். அனிருத் இடது கையால் தலையை இறுக்கிப் பிடித்தான். வலது கையில் பலம் கொடுத்து அழுத்தினான். கத்தி தோலில் ஏறாமல் வழவழப்பில் ஒரு சறுக்குச் சறுக்கி மீனைத் தாண்டிப் போய் இடது கையில், பெருவிரல் மேட்டுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், இறங்கியது. அவ்வளவு பலத்தோடு வந்தால் மொட்டைக் கத்தியும் சதையைக் கிழிக்கும். அவன் கத்தவில்லை. "அப்பா" என்றான், அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லுக்கே முத்துமாரி வாசலில் வந்து நின்றுவிட்டாள். பலகையில் ரத்தம், மகன் கையில் ரத்தம், அதுவும் அந்த இடத்தில். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. துண்டை உருவி அவன் கையைச் சுற்றி இறுக்கினாள். இறுக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்யா இப்படிப் பண்ணுன?"

"ஸ்லிப் ஆயிருச்சும்மா."

"ஏன்யா?"

"அம்மா, ஸ்லிப் ஆச்சு. அப்பாவக் கேளுங்க."

"வழுக்கிருச்சு மாரி. நான் பக்கத்துலதான் நின்னேன்," என்றார் பாலசுப்ரமணியம்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏப்ரல்லயும் அசந்து தூங்குதான், எழுப்பாதன்னு சொன்ன மனுசன்தான நீங்க."

அவர் கீழே போய் ஆட்டோ கூப்பிட்டார்.

அடுத்த செக்டரில் ஒரு நர்சிங் ஹோம். அஞ்சு தையல். நரம்புக்கு ஒன்றுமில்லை என்றார் சின்ன வயசு டாக்டர். முன்னால் ஏதாவது உடம்புக்கு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டதற்கு முத்துமாரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டர் தலையாட்டிக்கொண்டே அந்தக் காயத்தை மறுபடியும் பார்த்தார். முதலில் பார்த்த பார்வைக்கும் இந்தப் பார்வைக்கும் வித்தியாசம் இருந்தது. அனிருத் அதைக் கவனித்தான். அதற்கப்புறம் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே வந்து முத்துமாரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். நாளைக்குப் பத்து மணிக்கு அழைத்து வாருங்கள், பேசிப் பார்ப்போம், தேவைப்பட்டால் சில நாள் உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

ஆட்டோவில் வரும்போதே பாலசுப்ரமணியம் சொல்லியிருக்கலாம். நர்சிங் ஹோமிலேயே சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. பெண்டாட்டி என்ன சொல்வாள், மகன் என்ன நினைப்பான் என்ற வெட்கம். கை வழுக்கியது என்று சொல்லியாயிற்றே, அதுவும் உண்மைதானே என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

வீட்டில் கத்தி கழுவப்படாமலே பெட்டிக்குள் போய்விட்டது. மீன் மேடையில் அப்படியே கிடந்தது. யாருக்கும் அதைத் தொட மனம் வரவில்லை. சாயங்காலம் அஞ்சரைக்கே இருட்டிக்கொண்டு வந்தது. அனிருத் கட்டிலில் உட்கார்ந்து கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலசுப்ரமணியம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வலிக்கால?"

"இல்ல."

"நாளைக்கு டாக்டரம்மாட்ட நான் சொல்லுதேன், வழுக்கிருச்சுன்னு. பயப்படாத."

"அப்பா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நீங்க நிஜமாப் பாத்தீங்களா, அது ஸ்லிப் ஆனதை?"

"பாத்தேன்ல."

"எனக்கே தெரியலப்பா இப்போ." குரல் அடங்கிப்போயிருந்தது. "அந்தக் கத்தி ஸ்லிப் ஆகாது. அவ்ளோ ஷார்ப். நூறு வீடியோ பாத்திருக்கேன், ஷார்ப் நைஃப் தோல்மேல அப்படி ஓடாது, இறங்கிரும். கை பிடியிலேர்ந்து சறுக்கல, அந்த மேடு இருந்துச்சு. அப்போ எப்படி? மத்லப், அப்படின்னா நான்தான் பண்ணிட்டேனா? எனக்குத் தெரியாமலே? காலைல நான் நல்லா இருந்தேன்ப்பா. நிஜமா நல்லா இருந்தேன். நல்லா இருக்கும்போதே என் கை அப்படிப் பண்ணுதுன்னா அப்புறம் நான் என்ன பண்றது? அம்மா நம்பலேன்னா பரவால்ல. என்னாலயே என்னை நம்ப முடியல."

பாலசுப்ரமணியம் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். வெட்கமாவது மண்ணாவது. பிள்ளை தன் கண்முன்னாலேயே கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறான், அதுவும் தன்னால்.

"நீ பண்ணல," என்றார். "ஏல, நீ பண்ணல. நான்தாம்ல பண்ணுனேன். காலைல நீ தூங்கிட்டு இருக்கும்போது பால்கனிச் சிமெண்டுல வச்சு அதை மழுக்கிட்டேன். பத்து இழுப்பு இழுத்தேன். அதான் இறங்கல. அமுக்குன்னு வேற சொன்னேன் பாவி."

வாசலில் முத்துமாரி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து கத்தியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். ஏழு மாதத்தில் அவள் தன் கையால் மகன் முன்னால் கத்தியை வைத்தது அதுதான் முதல் தடவை. அனிருத் வலது கைப் பெருவிரலால் அதன் கூரைத் தடவினான். திருப்பித் தடவினான்.

"இது வெண்ணெயக்கூட வெட்டாது," என்றான். பிறகு, "அப்போ நான் பண்ணல" என்றான். "அம்மா, நான் பண்ணல." அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இல்லய்யா, நீ பண்ணல, நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவனும் அழுதான். ஏப்ரலில்கூட அழாதவன்.

பாலசுப்ரமணியம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமலே முத்துமாரி சொன்னாள். "கொட்டகைல கத்தி பிடிச்ச மனுசன் நீங்க. எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்லா."

"தெரியும்," என்றார் அவர்.

அழுகை ஓய்ந்ததும் பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற என்னெல்லாம் பண்ணிருக்கீங்கப்பா?"

"என்னது?"

"இது மாதிரி. எனக்குத் தெரியாம."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "பாத்ரூம் தாப்பாளைக் கழட்டுனேன். துரு பிடிச்சு ஒடைஞ்சுட்டுன்னு சொன்னேன்லா, ஒடையல."

"அச்சா."

"பால்கனி வலை. புறாவுக்குன்னு சொன்னேன். புறாவுக்கு இல்ல."

"அது தெரியும். அப்புறம்?"

அவர் தயங்கினார். முத்துமாரி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவர் சொல்லிவிட்டார்.

"ஆகஸ்ட்டுல நீ தனியா மெட்ரோல டாக்டரம்மாட்ட போயிட்டு வந்தல்லா. நான் அடுத்த பெட்டில இருந்தேன்."

அனிருத் நிமிர்ந்தான். அன்றைக்கு அவன் திரும்பி வந்து, நான் தனியாப் போயிட்டு வந்துட்டேன் என்று சொல்லி, அம்மா பாயசம் வைத்து, மூன்று பேரும் சாப்பிட்டிருந்தார்கள். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

"எத்தனை தடவை?"

"எல்லாத் தடவையும்."

கீழே யாரோ காரைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது.

"நான் போடுற டீ?" என்றான் திடீரென்று. "தினம் நீங்க ஆபீஸ்லேர்ந்து வந்ததும் போட்டுத் தர்றேனே. நல்லாருக்குன்னு சொல்வீங்க."

பாலசுப்ரமணியத்துக்குச் சர்க்கரை வியாதி. பையன் ஞாபகமறதியில் ரெண்டு ஸ்பூன் சீனி போட்டுக் கொண்டுவந்து தருவான். அவர் ஒரு சொட்டு விடாமல் குடிப்பார்.

"சீனி ரொம்பக் கூடுதலா இருக்கும்ல," என்றார்.

"சொல்லிருக்கலாம்லப்பா."

"சொல்லிருக்கலாம்."

"நாளைக்கு டாக்டர்கிட்ட நீங்களே எல்லாத்தையும் சொல்லிருங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

"சொல்லுதேன்."

"ஒண்ணு விடாம."

"ஒண்ணு விடாமச் சொல்லுதேன்ல."

முத்துமாரி ரெண்டு வாய் தயிர்சாதம் ஊட்டிவிட்டாள். மாத்திரையைக் கொடுத்தாள். கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். பெட்டி பூட்டுகிற சத்தம் கேட்டது. அனிருத் போர்வையை இழுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். விளக்கை அணைத்துவிட்டுப் பாலசுப்ரமணியம் வெளியே வந்தார். ஹாலில் டிவி இல்லை, பேச்சு இல்லை. அடுப்படியில் முத்துமாரி சுவரில் ஒட்டிய செதில்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. எழுந்து போய், சத்தம் வராமல் கதவைத் தள்ளி, கட்டிலுக்கு மேலே குனிந்தார். அந்த அரையிருட்டில் போர்வை ஏறி இறங்குகிறதா என்று தெரியவில்லை. அவன் மூக்கருகே புறங்கையைக் கொண்டுபோனார்.

அனிருத் கண்ணைத் திறக்கவில்லை. திரும்பவும் இல்லை.

"இருக்கேம்ப்பா," என்றான். "போங்க."